திரையில் சரி, விரலுக்குச் சரியா?

எல்லாவற்றையும் கணினியே செய்து முடித்துவிடும் காலம் இது என்று மேடைக்கு மேடை கேட்டுப் பழகிவிட்டோம். அது முழுதும் பொய்யன்று. முழுதும் மெய்யுமன்று என்பதை ஒரு பலகையில் இட்ட 121 துளைகள் இவ்வாண்டு எங்களுக்குக் கற்பித்தன. அந்தத் துளைகளின் கதையைச் சொல்லி, அதனால் எங்கள் மனத்தில் எழுந்த கருத்து ஒன்றையும் துணிந்து கூற விழைகிறோம். பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் பத்தாம் வகுப்பு மாணவியர் படிப்பை விட்டுவிட்டுப் பலகையைத் துளைத்துக்கொண்டிருந்தார்களா என்று பெரியவர்கள் புருவம் உயர்த்த வேண்டாம். துளைத்தது சனிக்கிழமைகளில் மட்டுமே.

எங்கள் பள்ளியை அடுத்துள்ள கன்னியர் இல்லத்தில் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். எங்கள் தாய்மார் சிலருக்கே கணக்குக் கற்பித்தவர். கிளாக்கோமா என்னும் நோயால் பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, இப்போது சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெளிச்சத்தைக் கொண்டு அறியும் அளவுக்குத்தான் அவருக்குப் பார்வை. சேவைக் குழுவின் சார்பில் வாரந்தோறும் சென்று அவருக்கு நாளிதழ் படித்துக் காட்டுவது எங்கள் கடமை. ஒரு நாள் நாங்கள் தலைப்புச் செய்திகளை முடிப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார். "பேப்பர் போதும் பிள்ளைகளா. உலகம் எப்படியும் இப்படித்தான் இருக்கப்போகிறது. ஏதாவது விளையாடலாமே" என்றார்.

எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எதை விளையாடுவது? கேரம் முடியாது. தாயம் உருட்டினால் விழுந்த எண்ணை நாங்கள் சொல்ல வேண்டும்; எங்கள் சொல்லை அவர் நம்ப வேண்டும். அவருக்கு விருப்பமானது சைனீஸ் செக்கர்ஸ். இல்லத்து அலமாரியில் பழைய பலகை ஒன்றும் இருந்தது. ஆறு முனை நட்சத்திரம், ஆழமில்லாத குழிகள், வண்ண வண்ணக் கோலிக்குண்டுகள். சிஸ்டர் எந்தக் குண்டு எங்கிருக்கிறது என்று தடவிப் பார்த்த மறுகணமே நான்கு குண்டுகள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. கண்ணால் பார்ப்பவர்களுக்குப் பார்த்தல் வேறு, தொடுதல் வேறு. அவருக்கோ தொடுவதே பார்ப்பது. தொட்டால் கலைந்துவிடும் பலகை, பார்த்தால் கலைந்துவிடும் பலகைக்கு ஒப்பு அன்றோ!

பார்வையற்றோர் ஆடும் சதுரங்கப் பலகையை எங்களுள் ஒருத்தி கண்டிருக்கிறாள். அதில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை உண்டு. காய்களின் அடியில் முளை உண்டு. முளை துளைக்குள் நின்றுவிடுவதால் எத்தனை முறை தடவினாலும் காய் அசையாது. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். ஒரு தரப்பின் காய்களுக்கு உச்சியில் சிறு புள்ளி இருக்கும். வண்ணம் சொல்ல வேண்டியதை விரலுக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு அது. இதே முறையில் நட்சத்திரப் பலகை ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது.

இவ்விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயரில் சீனா இருக்கிறதே தவிர, இதற்கும் அந்நாட்டிற்கும் பிறப்பால் உறவில்லை. 1880களில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் ஹோவர்ட் மாங்ஸ் என்பார் அமைத்த ஹால்மா என்னும் சதுரப் பலகை ஆட்டமே இதன் தாய். கிரேக்க மொழியில் ஹால்மா என்றால் தாவுதல். அதை 1892இல் ஜெர்மனியில் நட்சத்திர வடிவில் வெளியிட்டார்கள். 1928இல் அமெரிக்காவில் விற்றவர்கள்தாம் கவர்ச்சிக்காகச் சீனப் பெயரைச் சூட்டினார்கள். விற்பனைத் தந்திரம் அன்றும் இருந்திருக்கிறது.

காய்களுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழியை எண்ணி இன்றும் எங்களுக்குச் சற்றுப் பெருமைதான். பென்சில் துண்டுகள்! தொடக்கப்பள்ளி வகுப்புகளில் இனிப் பிடிக்க முடியாது என்று கைவிடப்பட்ட துண்டுகள் ஏராளம். ஆறுபட்டைப் பென்சிலையும் உருண்டைப் பென்சிலையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே வேறுபாடு தெரியும். எனவே ஒருவருக்கு ஆறுபட்டை, எதிராளிக்கு உருண்டை. ஆளுக்குப் பத்து, ஒவ்வொன்றும் 30 மி.மீ. நீளம். ஆறுபட்டை ஒரே நாளில் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. உருண்டை பத்து சேர மூன்று வாரம் ஆயிற்று. இயற்பியல் ஆய்வகத்து வெர்னியர் அளவியால் அளந்ததில் எல்லாத் துண்டுகளும் 7 மி.மீ.க்கும் 8 மி.மீ.க்கும் இடையே இருந்தன. ஆகவே துளையின் விட்டம் 8 மி.மீ. என்று முடிவாயிற்று.

இனித் துளைகளின் இடங்களைக் குறிக்க வேண்டும். எங்கள் கணினி ஆய்வகத்தில் இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள் இருக்கிறது. விலையின்றிக் கிடைப்பது; 2003ஆம் ஆண்டு முதல் பலர் சேர்ந்து வளர்த்து வருவது. நாங்கள் அதுவரை அதில் வாழ்த்து அட்டைகளும் ஆண்டு விழா அழைப்பிதழுமே வரைந்திருந்தோம். பூவை இரண்டு மி.மீ. தள்ளி வைத்தால் யாருக்கு என்ன நட்டம்? துளையைத் தள்ளி வைத்தால் நட்டம் உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் முயற்சியில், பக்கவாட்டில் துளைக்குத் துளை 15 மி.மீ., வரிசைக்கு வரிசை 15 மி.மீ. என்று எண்களைக் கொடுத்தோம். ஒரு வரிசையை வரைந்து, படியெடுத்து, பாதித் துளை அளவு தள்ளி அடுத்த வரிசை. திரையில் அழகான நட்சத்திரம் பூத்தது. கைதட்டி மகிழ்ந்தோம். அச்செடுத்து, தெர்மாகோல் அட்டையின் மேல் ஒட்டி, பென்சில் துண்டுகளைக் குத்தி, சிஸ்டரிடம் ஓடினோம்.

சிஸ்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு நிமிடம் தடவினார். பிறகு, "என் விரல் இரண்டு காய்களுக்கு நடுவே போகவில்லையே" என்றார். உண்மைதான். 15 மி.மீ.யில் காய்க்கு 8 போனால் மீதம் 7. எங்கள் விரல்களே நுழையாத இடத்தில் அவருடைய மூட்டு வீங்கிய விரல் எப்படி நுழையும்? அதை மட்டும் சொல்லியிருந்தால் திருத்திவிட்டு வந்திருப்போம். அவர் மேலும் தடவிவிட்டுக் கேட்டார்: "பக்கத்துக் குழி கிட்ட இருக்கிறது, சாய்வாகப் போனால் அடுத்த குழி எட்டிப் போகிறது. உங்கள் முக்கோணம் சமபக்க முக்கோணமா, இருசமபக்க முக்கோணமா?"

எங்கள் முகங்கள் என்ன ஆயின என்பதை அவர் பார்க்கவில்லை என்பதே ஆறுதல்.

சமபக்க முக்கோணத்தின் உயரம் பக்கத்தின் அளவு ஆகாது என்பது எங்களுக்குத் தெரியாததா? பக்கத்தை √3 ஆல் பெருக்கி 2 ஆல் வகுக்க வேண்டும், அதாவது 0.866 மடங்கு. சைன் 60 பாகை என்று தேர்வில் கேட்டால் தூக்கத்திலும் எழுதுவோம். ஆனால் கணினித் திரையின் முன் அமர்ந்தபோது அது கணக்குப் பாடம் என்பதே நினைவுக்கு வரவில்லை! வரிசை இடைவெளியையும் 15 என்று கொடுத்ததால் சாய்வுத் தூரம் 16.77 மி.மீ. ஆகிவிட்டது. இரண்டு மி.மீ.கூட இல்லாத அந்த வேறுபாடு ஏழு பேரின் பதினான்கு கண்களுக்குத் தெரியவில்லை. பார்வையற்ற ஒருவரின் சுட்டுவிரலுக்குத் தெரிந்தது.

இங்கேதான் எங்கள் கருத்து வருகிறது. கணினி வடிவமைப்பு என்று நாங்கள் கற்பது திரையிலேயே தொடங்கித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. வரைந்ததை அச்செடுத்துப் பதிவேட்டில் ஒட்டினால் மதிப்பெண் கிடைக்கிறது. அந்த வரைபடம் யார் கைக்கும் போவதில்லை. எனவே அது தவறா சரியா என்று யாரும் கேட்பதும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு வரைபடமேனும் உண்மையான பொருளாகி, அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவரின் கைக்குச் சென்று, அவர் "சரி" என்ற பிறகே பாடம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம். எங்கள் நட்சத்திரத்தைப் பதிவேட்டில் ஒட்டியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். அந்த அச்சம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

இனி மீதிக் கதை. பக்கவாட்டு இடைவெளியை 20 மி.மீ. ஆக்கினோம். வரிசை இடைவெளி 17.32. இம்முறை துளைகளை ஒவ்வொன்றாக அடுக்காமல் வேறு வழி கண்டோம். ஆறு முனை நட்சத்திரம் என்பது ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து வைத்த இரண்டு பெரிய முக்கோணங்கள்தானே? 13, 12, 11 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 1 வரை வரும் முக்கோணம் ஒன்றை வரைந்தோம். அதில் 91 துளைகள். அதைப் படியெடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு வரிசை அளவுக்கு, அதாவது 69.28 மி.மீ. நகர்த்தினோம். நட்சத்திரம் வந்தது. ஆனால் எத்தனை வட்டங்கள் என்று கணினியைக் கேட்டால் 182 என்கிறது! பலகைக்கு 121 தானே வேண்டும்? ஒரு தோழி ஆய்வகக் கணினியில் ஏதோ பழுது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

இதையும் சிஸ்டரிடமே கொண்டுபோனோம். அவர் சிரித்தார். "91ம் 91ம் கூட்டினீர்கள். நடுவில் இரண்டு முக்கோணமும் ஒன்றையொன்று மூடுகிற அறுகோணத்தை இரண்டு தடவை எண்ணினீர்கள். அதில் எத்தனை? 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5. கூட்டுங்கள்." 61. 182இல் 61ஐக் கழித்தால் 121. ஒன்பதாம் வகுப்பில் கணங்களின் சேர்ப்பு, வெட்டு என்று படித்ததெல்லாம் இதுதானா என்று வியந்தோம். அடியில் ஒளிந்திருந்த 61 வட்டங்களையும் நீக்கிவிட்டோம். நீக்காவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். இரண்டு படிகளும் அரை மி.மீ. விலகியிருந்தாலும் தாளில் இரட்டைப் புள்ளி விழும். எதில் துளைப்பது?

இன்னொரு சிறு பொறி. மென்பொருள் வட்டத்தின் அளவைச் சொல்லும்போது சுற்றுக்கோட்டின் தடிமனையும் சேர்த்தே சொல்லுகிறது. 8 மி.மீ. வட்டத்திற்கு 1 மி.மீ. கோடு போட்டிருந்தால் 9 என்று காட்டும். இதை அறியாமல் அரை மணி நேரம் வீணாயிற்று. அத்தோடு, துளைப்பவருக்கு வட்டம் தேவையே இல்லை, மையம்தான் தேவை என்பதும் பிறகே உறைத்தது. வட்டங்களின் இடத்தில் சிறு கூட்டல் குறிகளை வைத்தோம்.

நட்சத்திரம் இப்போது 240 மி.மீ. அகலம், 277 மி.மீ. உயரம். ஏ4 தாளில் அடங்காது, ஏ3 வேண்டும். எனவே கடையொன்றில் அச்செடுத்தோம். நல்ல வேளையாக, கணினி ஆசிரியை சொன்னபடி தாளின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கோடு வரைந்து வைத்திருந்தோம். அளந்தால் 97 தான் இருந்தது! தாளுக்குள் அடங்கும்படி படத்தைத் தானாகச் சுருக்கும் ஏற்பாடு அச்சுப்பொறியில் இருக்கிறதாம். கடைக்காரரிடம் சொன்னபோது, "மூணு மில்லிமீட்டர்தானேம்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். யாருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தபடியே அளவு மாறாமல் மறுபடியும் எடுத்துத் தரச் சொன்னோம். இரண்டாவது தாளுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

துளையிடும் பணிக்குத் துணை நின்றவர் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையார். தச்சு வேலை செய்பவர். நாங்கள் எல்லோரும் மாமா என்றே அழைப்போம். பள்ளியின் பழைய பொருள் அறையில் கிடந்த உடைந்த டெஸ்க்கின் மேற்பலகையை இழைத்துச் சதுரமாக்கித் தந்தார். முக்கால் அங்குலக் கனம். எங்கள் அச்சுத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குப் பாப்பா கம்ப்யூட்டர்? ஒரு கவராயம் கொடுங்க, அரை மணி நேரத்துல போட்டுத் தாரேன்" என்றார்.

அவர் சொன்னது பெருமைப் பேச்சன்று. வட்டத்தின் ஆரத்தை அதன் சுற்றில் ஆறு முறை வெட்டினால் அறுகோணம் வரும் என்பது எங்கள் வடிவியல் பெட்டிக்கும் தெரியும். இருந்தாலும் அவரும் நாங்களும் போட்டியே வைத்துப் பார்த்தோம். அவர் ஒரு தாளில் கவராயத்தால் குறித்தார். நாங்கள் இன்னொரு தாளில் அளவுகோலால் குறித்தோம். மாமாவின் நட்சத்திரம் ஏறக்குறையக் கணினி அச்சோடு பொருந்தியது. எங்களுடையது ஒரு முனையில் 6 மி.மீ. ஓடிவிட்டது. காரணம் கேட்டோம். "நீங்க ஒரு புள்ளியிலேர்ந்து அடுத்த புள்ளிக்கு அளந்துக்கிட்டே போறீங்க. ஒவ்வொரு தடவையும் மயிரிழை தப்பினாலும் கடைசியில சேர்ந்து நிக்கும். எல்லாத்தையும் ஒரே மூலையிலேர்ந்து அளக்கணும்" என்றார்.

இதைக் கேட்டதும் எங்களுக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. கணினியும் அதைத்தான் செய்கிறது! தாளின் ஒரு மூலையைச் சுழியாக வைத்து, ஒவ்வொரு துளைக்கும் இவ்வளவு தள்ளி, இவ்வளவு இறங்கி என்று தனித்தனியே இடம் சொல்லுகிறது. ஒரு துளையின் பிழை அடுத்த துளைக்குப் போவதில்லை. ஆயத்தொலைவு என்று கணக்கில் படிக்கிறோமே, அது தச்சர்களின் மூலைமட்டத்தில் இருந்திருக்கிறது. கையா, கணினியா என்று பட்டிமன்றம் நடத்துவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். கைத்தொழில் அறிந்தவரிடம் அரை நாள் இருந்தால் மென்பொருள் ஏன் அப்படிச் செய்கிறது என்பது நன்றாகவே விளங்குகிறது.

தாளைப் பசை கொண்டு ஒட்ட வேண்டாம் என்றும் மாமா தடுத்தார். ஈரத்தில் தாள் விரியும், 20 மி.மீ. பிறகு 20 ஆக இராது. நான்கு ஓரமும் டேப் ஒட்டினோம். கூர்மையான ஆணியால் ஒவ்வொரு கூட்டல் குறியின் நடுவிலும் ஒரு தட்டுத் தட்டிக் குழி செய்துகொண்டோம். அந்தக் குழி இல்லாவிட்டால் சுழலும் துளைக்கருவியின் முனை மரத்தின் இழை போகும் வழியே சறுக்கிவிடும். முதலில் 3 மி.மீ. சிறுதுளை, பிறகு 8 மி.மீ. துளை. பலகையைக் கடந்து மறுபக்கம் போகாமல் இருக்க, கருவியின் முனையிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் வண்ண டேப் சுற்றி எல்லை வைத்தார் மாமா.

யார் துளைப்பது என்பதில்தான் சிறு சலசலப்பு. பெரியவர் ஒருவர், "பெண் பிள்ளைகள் கையில் எதற்கு இந்த மெஷின்? அளவு குறித்துக் கொடுத்தீர்கள், அது போதாதா? மீதியை அவரே செய்துவிடுவார்" என்றார். அக்கறையில் சொன்னதுதான், குறை கூறவில்லை. ஆனால் சூடான எண்ணெய்ச் சட்டியின் அருகே எங்களை நிறுத்தும்போது இந்த அக்கறை எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. இறுதியில் ஆசிரியை முன்னிலையில், கண்ணாடி அணிந்து, தலைமுடியையும் துப்பட்டாவையும் இறுகக் கட்டி, பலகையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, ஆளுக்குப் பதினேழு பதினெட்டுத் துளைகள் என்று நாங்களே இட்டோம். முதல் துளையில் கை நடுங்கியது. பத்தாவது துளையில் மரத்தின் மணம் பிடித்துப்போயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. மூன்று துளைகள் மட்டும் தப்பின. இரண்டு அரை மி.மீ. அளவில். மூன்றாவது, ஒரு முனையின் உச்சித் துளை. அங்கே மரத்தில் ஒரு கணு இருந்தது. கருவி வழுக்கி 2 மி.மீ. ஓரமாகப் போய்விட்டது. அதைத் துளைத்தவள் மதிய உணவு உண்ணவில்லை. அவள் யார் என்று இங்கே எழுதக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இதைப் படிப்பவர்களுள் சிலர், "இவ்வளவு பாடு எதற்கு? உங்கள் கோப்பை லேசர் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் நூறிலொரு பங்கு மி.மீ.கூடப் பிசகாமல் வெட்டித் தந்துவிடுவாரே" என்று எண்ணலாம். நன்றாகத் தருவார். நாங்கள் முதலில் வரைந்த அந்தக் கோணல் நட்சத்திரத்தையும் நூறிலொரு பங்கு பிசகாமல் வெட்டித் தந்திருப்பார்! 15க்கு 15 என்று நாங்கள் எழுதியதைக் கருவி மறுத்துப் பேசாது. துல்லியம் வேறு, சரி வேறு. முன்னதைக் கருவி கொடுக்கும். பின்னதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளிடம் எடுத்துப்போகத் தெர்மாகோலில் குத்திய பத்துப் பென்சில் துண்டுகளாவது வேண்டும். லேசர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த பலகைக்கு அதையும் பார்த்துவிட ஆசைதான். ஆனால் தெர்மாகோலுக்குப் பிறகு.

நேரம் எங்கே இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடினமானதும்கூட. எங்களுக்கு ஏழு சனிக்கிழமைகள் ஆயின. இருபது குழுக்கள் ஒரே ஆண்டில் இப்படிச் செய்யக் கிளம்பினால் ஆய்வகமும் தாங்காது, மாமாவும் தாங்கமாட்டார். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே, முழு ஆண்டிற்கும் வகுப்புக்கு ஒரே ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். நூலகத்துப் புத்தகத் தாங்கியாக இருக்கலாம். மழலையர் வகுப்புக்கு எழுத்து அடுக்கும் பலகையாக இருக்கலாம். எது ஆனாலும் யாருக்கு என்பது முதலில் முடிவாக வேண்டும். கணினியைத் திறப்பது அதற்குப் பிறகுதான். பதிவேட்டு மதிப்பெண்ணில் பாதியை அதற்கு ஒதுக்கினால் யாரும் சுணங்கமாட்டார்கள். இதைத் தலைமை ஆசிரியை அவர்களும் கணினித் துறை ஆசிரியைகளும் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறோம்.

பலகைக்கு உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் பூசி, பென்சில் துண்டுகளின் இரு முனைகளிலும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவினோம். தடவாவிட்டால் சிஸ்டரின் விரலெல்லாம் கரி. பத்து ஆறுபட்டைகளையும் பத்து உருண்டைகளையும் எதிரெதிர் முனைகளில் நிறுத்தி அவர் முன் வைத்தோம். அவர் வழக்கம்போல் பேசாமல் தடவினார். அந்தத் தப்பிய துளையின் மேல் விரல் நின்றது. எங்களுள் ஒருத்தி மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

"இது நல்லது" என்றார் சிஸ்டர். "பலகையை எப்படித் திருப்பி வைத்தாலும் என் வீடு எது என்று தெரிந்துவிடும். இதைச் சரிசெய்ய வேண்டாம்."

அன்று நான்கு ஆட்டம் ஆடினோம். நான்கிலும் சிஸ்டர்தான் வென்றார். எங்கள் காய்கள் எங்கே இருக்கின்றன என்று தடவிப் பார்க்கும் சாக்கில் அடுத்த மூன்று தாவல்களையும் எண்ணிவிடுகிறார் என்பது எங்கள் ஐயம். இதற்கிடையில் அவருடைய உருண்டைப் பென்சில் ஒன்று காணாமற்போய்விட்டது. தொடக்கப்பள்ளித் தங்கைகள் தயவுசெய்து கவனிக்க: 30 மி.மீ.க்குக் குறையாத உருண்டைத் துண்டு வைத்திருப்பவர்கள் பத்தாம் வகுப்பில் தரலாம்.

இப்போது அவர் கேட்டிருப்பது ஆடுபுலி ஆட்டப் பலகை. மூன்று புலி, பதினைந்து ஆடு; துளைகள் 23 மட்டுமே. எளிது என்றுதான் கணினியின் முன் அமர்ந்தோம். ஆனால் உச்சியிலிருந்து விசிறிபோல் இறங்கும் கோடுகள் ஒவ்வொரு குறுக்குக் கோட்டையும் வெவ்வேறு இடைவெளியில் வெட்டுகின்றன. மேல் வரிசையில் விரல் நுழைய 20 மி.மீ. விட்டால் கீழ் வரிசை பலகையைவிட்டே வெளியே போகிறது. வடிவொத்த முக்கோணங்கள் பாடத்தை மறுபடி எடுத்து வைத்திருக்கிறோம்; தெர்மாகோலும் வாங்கியாயிற்று.